கதவின் உள்பக்கம் வைத்த பொட்டு

1

ஆயுத பூஜை எனக்கு இங்கே வேலை நாள். காலை ஆறரைப் பேருந்தைப் பிடித்து, ஏழே காலுக்கெல்லாம் வெள்ளை அங்கி, தலைக்கு முக்காடு, வாய்க்கு மூடி, இரண்டு ஜோடி கையுறை என்று வேஷம் கட்டிக்கொண்டு, கண்ணாடிகளை டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஜெர்மனிக்கு வந்த பன்னிரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. குன்றத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்கள், "அங்க இன்னா வேல?" என்று கேட்டால், "கண்ணாடி பாக்குற வேல" என்பேன். "மூஞ்சி பாக்குறதுக்கு ஒரு சம்பளமா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், விளக்கிச் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

விளக்கம் இதுதான். மிளகில் பாதிகூட இல்லாத ஓர் உருண்டை. அதற்குள் ஹைட்ரஜனின் பங்காளிகள் இரண்டு பேரை, அதாவது எடை கூடிய ஹைட்ரஜன் வகை இரண்டை, உறையவைத்து அடைத்திருப்பார்கள். நாலாபக்கமிருந்தும் லேசர் ஒளியை ஒரே சமயத்தில் அதன்மேல் பாய்ச்சினால், உருண்டை உள்ளுக்குள்ளேயே நசுங்கும். சூரியனின் வயிற்றில் நடப்பது அங்கேயும் நடக்கும். எவ்வளவு நேரம் என்று கேட்டால், கண் சிமிட்டும் நேரத்தைப் பல கோடிக் கூறு போட்டு அதில் ஒரு கூறு. அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பாய்ச்சிய ஒளியைவிட வெளியே வந்த சக்தி அதிகம் என்று செய்தே காட்டிவிட்டார்கள். அந்த லேசர்களை எரிக்க இழுத்த கரண்ட் அதைவிடப் பல மடங்கு என்பதை மட்டும் மெல்லிய குரலில் சொல்வார்கள். நொடிக்குப் பத்து உருண்டை வீதம் விடாமல் நசுக்கி, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுப்பது எங்கள் கம்பெனியின் கனவு.

"அப்பா, இதுவரை ஒரு பல்பாவது எரிந்ததா?" என்று என் மகள் ரூத் கேட்பாள். பத்து வயது, இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள்.

"இல்லம்மா."

"அப்படியானால் தினமும் என்னதான் செய்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால், இப்போதைக்கு நாங்கள் அதிகமாக எரிப்பது எங்கள் கண்ணாடிகளைத்தான். லேசரை உருண்டைக்குத் திருப்பிவிடும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு இருந்தாலும் போதும். ஒளி அந்த இடத்தில் இறங்கி ஒரு கொப்புளம் போட்டுவிடும், அடுத்த முறை அந்தக் கொப்புளம் பெரிதாகும், பத்தாவது முறை கண்ணாடியே குப்பைக்குப் போகும். அதனால் ஒவ்வொரு கண்ணாடியையும் முதலில் நான் பார்க்க வேண்டும்.

இந்த வருடம் ஆயுத பூஜை அன்று, காப்பி இடைவேளையில் போனை எடுத்தால் ஏழுமலையின் குரல் பதிவு வந்திருந்தது. ஒரகடத்தில் என்னோடு வேலை பார்த்தவன். இப்போது ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு குன்றத்தூருக்கும் ஒரகடத்துக்கும் வேன் ஓட்டுகிறான்.

"எட்வினு, நல்லா கீறியா? பூஜ முடிஞ்சுது, வண்டிக்கு மாலலாம் போட்டாச்சி. ஒரு விஷயம்டா. நம்ம பழைய கம்பெனில புச்சா ரெண்டு சேம்பர் வருதாம். சேம்பர் ஓட்டுன பழைய ஆளுங்கள கூப்புடறாங்க. நானும் எழுதிப் போட்டேன். அந்த ரிப்போர்ட்ட காட்டி வேணான்ட்டாங்க. அத்த எழுதுனவரு ஒரு லெட்டரு குடுத்தா பாக்கலாம்னு சொல்றாங்க. முடிஞ்சா பாரு. முடியலன்னா வுட்டுடு, ஒண்ணும் இல்ல."

அந்த ரிப்போர்ட்டை எழுதியவன் நான்தான். காப்பி அப்படியே ஆறிப்போயிற்று.

2

அது கண்ணாடிக்குப் பூச்சு ஏற்றும் கம்பெனி. சேம்பர் என்று நாங்கள் சொல்வது ஆள் நிற்கும் உயரத்துக்கு ஓர் எஃகு அறை. உள்ளே கண்ணாடிகளை மாட்டிக் கதவை மூடி, காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, பூச்சுப் பொருளைச் சூடாக்கினால் அது ஆவியாகிக் கண்ணாடியில் படியும். ஏழுமலை அந்தச் சேம்பரின் ஆபரேட்டர். வல்லக்கோட்டைக்காரன், கிருத்திகை தவறினாலும் அவன் முருகன் கோயிலுக்குப் போவது தவறாது. நான் தரம் பார்க்கும் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் அவனோடு டீக்கடை.

ஆயுத பூஜை வந்தால் அந்தச் சேம்பருக்கு அவன் செய்யும் அலங்காரத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணப் பெண் தோற்றாள். ஆனால் அந்த வருடம் ஜெர்மனி ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து லேசர் கண்ணாடி ஆர்டர் வந்திருந்தது. சேம்பர் ஹாலுக்குள் சந்தனம், குங்குமம், கற்பூரம் எதுவும் வரக்கூடாது, பூஜை கேட்டருகே மட்டும்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். அதை ஊழியர்களுக்குப் புரியவைக்கும் வகுப்பை எடுத்தவனே நான்தான்.

அன்று ஏழுமலை வேலைக்கு வரவில்லை. அவன் மனைவியை ஸ்ரீபெரும்புதூரில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தான். பன்னிரண்டு மணி வாக்கில் போன் செய்தான்.

"டேய், நம்ம மெஷினுக்குப் பொட்டு வெச்சிட்டானுங்களா?"

"கூடாதுன்னு சொல்ட்டாங்களே, உனக்குத் தெரியாதா?"

"எட்டு வருஷமாடா! ஒரு வருஷம்கூட நான் வெக்காம வுட்டதில்ல. இங்க கொழந்த வந்துக்கினு கீது, அங்க மெஷினு மொட்டையா நிக்கலாமா? நீ ஒண்ணே ஒண்ணு வெய்யி."

"நானா? வெளையாடுறியா? வெளிய வெச்சா ஒடனே தொடைச்சிடுவாங்க."

"வெளிய எதுக்கு? கதவுக்கு உள்பக்கம், கீழ் கீலாண்ட வெய்யி. எவன் குனிஞ்சி பாக்கப் போறான்? 'கொழந்த நல்லபடியா பொறக்கணும்'னு சொல்லிக்கினே வெய்யி. அது போதும்."

"டேய், நான் வெச்சா உங்க முருகன் ஏத்துக்குவாரா?"

"உன்ன கேட்டாரா அவரு? வெய்யிடா!"

இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர யார் செய்வார்கள்? மேனேஜர் கண்ணுக்குப் படக்கூடாது என்று, கெடுதலே இல்லாத வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு, ஒரு துளி படக்கூடாத உள்பக்கத்தில் பொட்டு வைத்தோம். எல்லோரும் கேட்டருகே பூசணிக்காய் உடைத்துப் பொரிகடலை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், டீ கப் மூடியில் கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மோதிர விரலால் தொட்டு வைத்தேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. விரலை பேன்ட்டில் துடைத்து, கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன். அவன் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. மாட்டிக்கொள்ளக்கூடாதே என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் புத்தியில் இல்லை.

சாயந்திரம் பெண் குழந்தை பிறந்தது. சரஸ்வதி பூஜை அன்று பிறந்தவள் என்பதால் கலைவாணி என்று பேர் வைத்தார்கள்.

லீவு முடிந்ததும் முதல் வேலையாகத் துடைத்துவிடலாம் என்றிருந்தேன். எனக்கு முந்தின ஷிப்ட் ஜெர்மனிக் கண்ணாடிகளை மாட்டிச் சேம்பரை ஓட்டியே விட்டது. அந்தச் சூட்டில் சந்தனம் புகைந்து பூச்சோடு கலந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் கண்ணாடி பளபளவென்றுதான் இருந்தது. நான் பார்த்தேன், சரி என்று கையெழுத்துப் போட்டேன், கண்ணாடிகள் கப்பல் ஏறின.

அங்கே லேசர் பட்டதும் அத்தனையும் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக ஆயிற்று. திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் தெரியாவிட்டால் இனி ஆர்டர் இல்லை என்றார்கள். காற்று வடிகட்டி, கையுறை, கழுவுகிற தண்ணீர் என்று கம்பெனியே தலைகீழாக நின்று தேடியது. இரண்டாவது நாள் நான் டார்ச்சோடு சேம்பருக்குள் போய்க் கீழ்க் கீல் பக்கம் குனிந்து, "இதோ" என்றேன்.

வைத்த இடம் வைத்தவனுக்குத் தெரியாதா? கண்டுபிடித்தவன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று ஒரு கணக்கு. கண்டுபிடித்தால் பேர் கிடைக்கும் என்று இன்னொரு கணக்கு. கருகிய கறையைச் சுரண்டி, சோதனைக்கு அனுப்பி, பதினோரு பக்க ரிப்போர்ட் எழுதினேன். யார் வைத்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

விசாரணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சந்தனப் பொட்டுக்கும் எட்வினுக்கும் என்ன சம்பந்தம்? ஏழுமலையைத்தான் கேட்டார்கள். "பூஜ அன்னிக்கு நீ லீவு, நடுவுல வந்து போனியா?" என்றார் மேனேஜர். ஏழுமலை என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். நான் என் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார் வெச்சேன். மத்தியானம் பத்து நிமிஷம் வந்துட்டு போனேன்" என்றான்.

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் ஜெர்மனி ஆய்வுக்கூடம், அந்த ரிப்போர்ட் எழுதியவரை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டது. எனக்கு விசா வந்தது. விமான நிலையத்துக்கு இரவல் வண்டியில் என்னைக் கொண்டுவந்து விட்டவனும் ஏழுமலைதான். "போயி கண்ணாடிய நல்லா பாரு" என்றான். குத்திக்காட்டினானா, வாழ்த்தினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பொட்டைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

3

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அதை மறைத்து, அந்தச் சோற்றையே பன்னிரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் பிரிந்து வந்து ஆரம்பித்ததுதான் இப்போதைய கம்பெனி. எங்கள் பிரிவின் தலைவி காத்ரின். அன்று கண்ணாடிகளைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். புதிதாக யார் சேர்ந்தாலும் என்னிடம் அழைத்து வந்து, "இவர் எட்வின். அறை அளவு இயந்திரத்துக்குள் விரல்நுனி அளவு கறையை இரண்டே நாளில் கண்டுபிடித்தவர்" என்று சொல்வார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எத்தனை பேருக்கு அப்படி நின்றிருக்கிறேனோ!

போன வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். அதற்கு நன்னடத்தைச் சான்று வேண்டும். அதை வாங்கப் போன இடத்தில், பதற்றத்தில் அங்கிருந்த அம்மாளை "நீங்கள்" என்பதற்குப் பதில் "நீ" என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த ரூத் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் கெட்டியான பச்சைத் தாளில் சான்று வந்தது. பதிவு எதுவும் இல்லை என்று போட்டிருந்தது. ரூத் அதை வாங்கிப் பார்த்து, "அப்பா, நீங்கள் எவ்வளவு சலிப்பான மனிதர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, ஏழுமலைக்காக ஒரகடம் கம்பெனிக்கு லெட்டர் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? "திரு. ஏழுமலை மிகத் திறமையான ஊழியர். பல வருடங்களுக்கு முன் அறியாமையால் நேர்ந்த ஒரு சிறு தவறை மன்னித்து அவருக்கு மறுவாய்ப்பு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." அவனை மன்னிக்கச் சொல்லி நான் சிபாரிசு செய்கிறேன்! வெட்கம் கெட்ட ஜென்மம். மூன்றே நாளில் பதில் வந்தது. வேண்டுமென்றே விதியை மீறியவரைச் சேம்பர் பக்கம் அனுமதிக்க முடியாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

ஏழுமலைக்குப் போன் செய்து சொன்னேன்.

"பரவால்ல வுடு. நீ எழுதுனியே, அதுவே போதும்" என்றான்.

4

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஓர் அறையில் கூடுவோம். கேக் இருக்கும். யாராவது ஒருவர் எழுந்து, தான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். யாரும் திட்டக்கூடாது, தண்டனை கிடையாது. தவறை ஒளித்தால் அடுத்த கண்ணாடியும் எரியும் என்பது அவர்கள் நியாயம். அந்த மாதம் என் முறை.

"கறை தெரியாமல் சரி என்று கையெழுத்துப் போட்டீர்களே, அந்தச் சந்தனக் கதையைச் சொல்லுங்கள், புதியவர்கள் கேட்கட்டும்" என்றார் காத்ரின்.

முந்தின நாள் சாயந்திரம் எழுதிவைத்ததை ரூத்துக்கு வாசித்துக் காட்டினேன். என் ஜெர்மனைத் திருத்துவது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. கேட்டுவிட்டு, "அப்பா, அதை யார் வைத்தது என்று எழுதவே இல்லையே" என்றாள்.

"அது முக்கியம் இல்லம்மா."

"தவறைச் சொல்லும் கூட்டம்தானே? யார் வைத்தது?"

சமையலறையில் என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். அவளுக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் ஏழுமலை வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறோம்.

"நான்தான்" என்றேன். தமிழில்தான் வந்தது.

"அப்படியானால் ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்றாள் ரூத். திட்டுகிற தொனியே இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். நான் காகிதத்தை மடிக்க ஆரம்பித்ததும் தன் அறைக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி, "ஏழுமல வீட்டு அண்ணி மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தது நான், மறைத்தது நான், கண்டுபிடித்ததாக நடித்ததும் நான் என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போயிருந்தேன். முடித்ததும் இந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள். இங்கே அதுதான் கைதட்டல். காத்ரின் எழுந்து வந்து, "இதைச் சொல்ல மிகுந்த தைரியம் வேண்டும், நன்றி" என்றார். பெரிய துண்டாக ஒரு ஆப்பிள் கேக்கை என் தட்டில் வைத்தார்.

அவ்வளவுதான். அதே சந்தனத்துக்கு ஏழுமலைக்குக் கிடைத்தது பன்னிரண்டு வருட வேன் ஸ்டியரிங். அந்தக் கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

அன்று சாயந்திரமே ஒரகடத்துக்கு இரண்டாவது லெட்டரை மெயிலில் அனுப்பினேன். இந்த முறை நான்கே வரி. பொட்டு வைத்தது நான், ஏழுமலை அன்று கம்பெனிக்கு வரவே இல்லை, அவர் பெயரிலிருந்து அந்தக் குற்றத்தை நீக்குங்கள், கீழே என் கையெழுத்து. நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது என்று எழுத ஆசை. உண்மையிலேயே இறங்கியதுதான். அன்று நன்றாகத் தூங்கினேன், அதைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

5

நான்கு நாள் கழித்து, காலை பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது ஏழுமலை கூப்பிட்டான். அங்கே பகல் பதினொன்று இருக்கும். பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம்.

"வேல குடுத்துட்டாங்கடா" என்றான்.

"ஏழுமல!" என்று ரோட்டிலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"சேம்பர் இல்ல. பன்னெண்டு வருஷம் கேப்பு ஆயிட்ச்சாம், பட்டன் தொட வுட மாட்டாங்களாம். கண்ணாடி கழுவுற எடம். போறேன். மெஷினாண்டதான, போறேன்."

"சரிடா. மெல்ல மெல்ல..."

"எட்வினு, லெட்டர் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

நான் பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கம்பெனிலேந்து போன் பண்ணப்ப நான் வண்டில கீறேன். போனு வூட்ல பாப்பா கையில. ஆபீஸ்லேந்து பேசுன அம்மா அவகிட்ட எல்லாத்தையும் வெவரமா சொல்லிட்ச்சி. உங்கப்பா பொட்டு வெக்கல, எட்வின்தான் வெச்சாரு, உங்கப்பா மேல தப்பு இல்லன்னு."

"நல்லதுதானடா? அவளுக்குத் தெரியட்டும்."

"இன்னாடா நல்லது?" அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "வேல போச்சின்னு யாரு கேட்டாலும் எனக்கு ஒரு பதிலு இருந்துச்சி. எம் பொண்ணு பொறக்கறன்னிக்கு, யாரு வேணான்னாலும் கேக்காம, அவளுக்கோசரம் பெரிய மெஷினுக்குப் பொட்டு வெச்சேன், அதுக்குத்தான் அனுப்புனாங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன். அவகிட்டயும் அத்தச் சொல்லித்தான் வளத்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கேப்பா, சொல்லுப்பா, எந்த எடத்துல வெச்ச, இன்னா சொல்லி வெச்சன்னு. நானும் சொல்லுவேன். வண்டி ஓட்டுறது எனக்குக் கேவலமாவே தெரியலடா. இப்ப நான் வெக்கலன்னு ஆயிட்ச்சி. நீ ஒரு லெட்டரு போட்டு உன்னுத எடுத்துக்கினு போயிட்ட. எனக்கு இன்னா கீது?"

பேருந்து வந்தது, கதவைத் திறந்தது, நான் ஏறவில்லை. ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

"மன்னிச்சிடுடா" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. அதைக்கூட வேறு ஒரு தப்புக்குத்தான் கேட்க வேண்டியதாயிற்று.

"வுடு. கத்திட்டேன்." மூக்கை உறிஞ்சினான். பிறகு வேறு மாதிரி, கெஞ்சுகிற குரலில் பேசினான். "ரெண்டு நாளா பாப்பா எங்கிட்ட சரியா பேசல. நேத்து வந்து கேக்குறா, அந்த மாமா வெக்கும்போது நீ சொல்லச் சொன்னத சொன்னாரான்னு. எனக்குத் தெரியாது பாப்பா, கேட்டுச் சொல்றேன்னேன். நீ சொன்னியாடா? எம் பொண்ணுக்கோசரம்னு சொல்லித்தான வெச்ச?"

செருப்புச் சத்தம் நினைவுக்கு வந்தது. பேன்ட்டில் துடைத்த விரல் நினைவுக்கு வந்தது. மறைத்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாயிற்று என்று நான்கு நாளாக நிம்மதியாக இருந்தவன் நான்.

"சொன்னேன்டா" என்றேன். "வாய் விட்டு சொன்னேன். 'ஏழுமல கொழந்த நல்லபடியா பொறக்கணும்'னு சொல்லிட்டுத்தான் வெச்சேன். மூணு தடவ சொன்னேன்."

"மூணு தடவையா?"

"மூணு தடவ."

"இரு, பாப்பா வண்டிக்குள்ளதான் கீறா, இன்னிக்கு ஸ்கூல் லீவு" என்றான். "அவகிட்ட குடுக்குறேன். நீயே சொல்லு."